இரண்டாம் குரலோடு நெடுந்தீவுக்கு

நெடுந்தீவுக்கு எப்படிப் போவது என்று இந்த வலைப்பூவில் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: குறிகட்டுவான் துறையில் எந்த லோஞ்சியில், அதாவது மோட்டார்ப் படகில், காலை வைக்கிறீர்கள் என்று பார்த்து வையுங்கள். ஒன்று நயினாதீவுக்குப் போகும், மற்றது நெடுந்தீவுக்கு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் கட்டிக் கிடக்கும். இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பவர்கள் 1979 ஆவணியில் எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் புறப்படலாம்.

அப்போது நானும் கமலியும் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கந்தோரில் தட்டச்சு வேலை. தங்கியிருந்ததும் ஒரே விடுதி. நாடெங்கும் பொப் பாட்டுக் காய்ச்சல் பிடித்திருந்த காலம் அது. கந்தோர் ஒன்றுகூடல், விடுதிக் கலைவிழா என்று எது வந்தாலும் கமலியும் நானும் ஒரே நிறச் சேலையில் மேடை ஏறிவிடுவோம். கமலி மேல்குரல். நான் இரண்டாம் குரல். அதாவது அவள் பாட்டைப் பாடுவாள். நான் அதற்குக் கீழே, கொஞ்சம் தள்ளி, எவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நடந்து போவேன். பாட்டு முடிந்ததும் ஆட்கள் வந்து கமலியின் கையைப் பிடித்துப் பாராட்டுவார்கள். என்னிடம் சேலை எங்கே எடுத்தது என்று கேட்பார்கள். எனக்கு அதில் பெரிய மனக்குறை ஒன்றும் இருக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, சின்ன மனக்குறை இருந்தது.

எங்கள் விடுதியில் புஷ்பம் என்று ஒரு ஆசிரியை இருந்தாள். சொந்த ஊர் நெடுந்தீவு. அவளுடைய அண்ணன் யோகன் கப்பலில் வேலை செய்தவர். யோக்கோகாமாத் துறைமுகத்தில் இறங்கியபோது வாங்கிய ஒரு கசெற்றை ஊருக்கு வந்ததும் தங்கையிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லியிருந்தார். முழுக்க முழுக்க யப்பானிய இருவர் பாட்டுகள். ஒரு பாட்டில் இரண்டு ஆண்கள் கிற்றாரோடு, மீன் படாத நாளில் கரைக்கு வந்த படகுச் சம்மாட்டிமாரைப் போல அலுத்துப் பாடினார்கள். இன்னொன்றில் ஒரு பெண்ணும் ஆணும் சண்டை பிடிப்பது போல மாறி மாறிப் பாடினார்கள். கடைசி அடியில் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்பது சொல் விளங்காமலே விளங்கியது. வேறொன்று இரண்டு குமரிப் பிள்ளைகள் துள்ளித் துள்ளிப் பாடியது. அதற்கு நாங்கள் கையாட்டம் கண்டுபிடித்து, விடுதி மேற்பார்வையாளர் அம்மாவிடம் பேச்சு வாங்கினோம்.

ஆனால் எங்களைப் பிடித்துக்கொண்டது அந்தக் கசெற்றின் மூன்றாவது பாட்டு. இரட்டைப் பிறவிச் சகோதரிகள் பாடியது என்று யோகன் அண்ணை சொல்லியிருந்தாராம். தொடக்கத்தில் இரண்டு குரலும் ஒன்றாகவே போகும், ஒருத்திதான் பாடுகிறாள் என்று சத்தியம் பண்ணலாம். நாலாவது அடியில் மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி என்று பிரிவார்கள். பிரிந்த பிறகுதான் பாட்டுக்கு உயிர் வரும். சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடமாக்கினோம். அர்த்தம் இன்றுவரை தெரியாது. சோகப் பாட்டோ, சவர்க்கார விளம்பரமோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

யோகன் அண்ணைக்குக் கல்யாண நாள் குறித்ததும் புஷ்பம் எங்கள் அறைக்கு வந்தாள்.

"அண்ணை சீதனம் எண்டு ஒரு சதமும் கேக்கேல்லை. வீடு, வளவு ஒண்டும் கேக்கேல்லை. உந்த மூண்டாவது பாட்டை என்ர ரெண்டு சிநேகிதியளும் கலியாண வீட்டில பாடினால் காணும் எண்டு சொல்லுறார். அப்பாவுக்குச் சரியான கோவம். பொம்பிளை வீட்டுக்காரர் சிரிக்கினம். நீங்கள் வராட்டி நான் அண்ணையின்ர முகத்தில முழிக்க ஏலாது."

ஒரு மாப்பிள்ளை வாய் திறந்து கேட்ட ஒரே சாமான் எங்கள் பாட்டு. மறுக்க முடியுமா? கந்தோரில் லீவு எடுத்தோம். புஷ்பம் முந்தியே ஊருக்குப் போய்விட்டாள். கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் 12.15 பஸ்ஸில் நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் ஏறினோம்.

பாதை இன்றும் அதே பாதைதான். பண்ணைப் பாலம் தாண்டினால் இரண்டு பக்கமும் கடல். மண்டைதீவுச் சந்தியில் மீன்கூடைகள் ஏறும், மணம் வேலணை வரைக்கும் கூட வரும். வேலணையில் கூடைகள் இறங்கி, பனங்கிழங்குக் கட்டுகளும் வெங்காயச் சாக்குகளும் ஏறும். பிறகு புங்குடுதீவுக்குப் போகிற நீண்ட கடல் பாதை. யன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். மொத்தம் இருபது மைல் அளவு, ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. ரிக்கற் ஒரு ரூபா ஐம்பது சதம். பஸ் முழுக்க நாங்கள் மெதுவாகப் பாடிப் பழகிக்கொண்டு போனோம். முன்னால் இருந்த ஒரு ஐயா திரும்பிப் பார்த்து, "பிள்ளையள் சிங்களமோ?" என்று கேட்டார். "யப்பான், ஐயா" என்று கமலி சொன்னாள். அவர் அதற்குப் பிறகு திரும்பவேயில்லை.

குறிகட்டுவானில் தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று தலைமயிரைப் பிய்த்தது. நெடுந்தீவு லோஞ்சி பின்னேரத்தில் ஒன்றுதான். அந்தத் தீவு ஆட்கள் காலையில் பட்டினத்துக்கு வந்து அலுவல் முடித்துப் பின்னேரம் திரும்பிப் போவார்கள், லோஞ்சியும் அவர்களுடைய நேரத்துக்குத்தான் ஓடும். நான் சேலைப் பெட்டியோடு ஏறி, பலகையில் இரண்டு பேருக்கு இடம் பிடித்து வைத்தேன். கமலி துறையில் நின்று சோடா வாங்கிக்கொண்டிருந்தாள். கசெற் அவளுடைய கைப்பையில் இருந்தது.

பக்கத்தில் நயினாதீவு லோஞ்சி புறப்படத் தயார். அம்மன் கோயிலுக்குப் பொங்கப் போகிற ஒரு அம்மா, ஒரு கையில் பொங்கல் பானை, மறுகையில் குழந்தை, தோளில் விறகுக் கட்டு என்று ஏற முடியாமல் தவித்தார். கமலிக்கு இளகிய மனம். சோடாவைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பானையை வாங்கி, லோஞ்சிக்குள் இறங்கி, பத்திரமாக ஒரு மூலையில் வைக்கக் குனிந்தாள். பொங்கல் பானையோடு ஒரு பெண் ஏறினால் அவள் அம்மன் கோயிலுக்குத்தான் போகிறாள் என்று எந்தப் படகோட்டியும் நினைப்பான். அந்த லோஞ்சிக்காரரும் அப்படி நினைத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். கமலி நிமிர்ந்தபோது இடையில் இருபது முழம் தண்ணீர்.

"சுகந்தி, நான் இதில நிக்கிறன்" என்று கத்தினாள். அதை நான் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் எங்கள் படகோட்டியிடம் ஓடினேன். "அண்ணை, என்ரை சிநேகிதி மாறிப் போறா. அவ திரும்பி வரும்வரைக்கும் கொஞ்சம் நில்லுங்கோ."

அவர் கடலைப் பார்த்தார். "இந்தக் காத்துக்கு நிக்க ஏலாது, தங்கச்சி. இன்னும் அரை மணித்தியாலம் போனால் அலை பெரிசா எழும்பும். அவ அங்க கோயிலடியில நிண்டு நாளைக்குப் பின்னேரம் வரட்டும். நயினாதீவில ஆரும் பட்டினி கிடந்ததில்லை."

"நாளைக்குக் காலமை கலியாணம், அண்ணை."

"ஆருக்கு, அவவுக்கோ?"

"இல்லை. நாங்கள் பாட வேணும்."

"அப்ப நீர் பாடும்" என்று சொல்லிவிட்டு இயந்திரத்தை இயக்கினார். உலகத்திலேயே சுலபமான விஷயத்தைச் சொன்னது மாதிரி.

நெடுந்தீவுக்கு ஒன்றேகால் மணித்தியாலம். கட்டணம் இரண்டு ரூபா. அலையில் நனைவது இலவசம். வயிறு கலக்கும் என்று பயப்படுகிறவர்கள் நடுப் பலகையில் இருங்கள், படகின் முன்முனையான அணியத்தில் இருக்க வேண்டாம். எனக்கு அன்று கடலைப் பற்றிய பயம் இல்லை, பாட்டைப் பற்றியதுதான். இரண்டாம் குரலைத் தனியாகப் பாடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். சோறு இல்லாமல் ரசம் பரிமாறுகிற மாதிரி அது. மேலே பாட்டு இருந்தால்தான் கீழே இருப்பதற்கு அர்த்தம். தனியே விட்டால், இது என்ன, பாடத் தொடங்கி மறந்துபோனாளா என்று ஆட்கள் பார்ப்பார்கள்.

துறையில் கல்யாண வீட்டு ட்ராக்டர் நின்றது. அதன் பின்பெட்டியில் பந்தல் துணியும் வாழைக்குலைகளும், நடுவில் நானும் சேலைப் பெட்டியும். தெருவின் இரு பக்கமும் கடற்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள். வெளியில் குதிரைகள் தங்கள்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. வேறு நாளென்றால் வாய் பிளந்து பார்த்திருப்பேன். அன்று மேல்குரலைப் பாடிப் பார்த்துக்கொண்டே போனேன். நாலாவது அடி வரும்போதெல்லாம் தொண்டை தானாகவே கீழே இறங்கிவிட்டது. மூன்று வருடப் பழக்கம். மாடு தன் தொழுவத்துக்குப் போவது போலக் குரல் தன் இடத்துக்குப் போகிறது.

புஷ்பம் என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"கசெற்றையாவது கொண்டு வந்தனீரே? லவுட்ஸ்பீக்கரிலயாவது போடலாம்."

"அதுவும் கமலியிட்டத்தான்."

"அப்ப என்னதான் கொண்டு வந்தனீர்?"

"ரெண்டு சேலை" என்றேன். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. பிறகு என் கையைப் பிடித்தாள். "அண்ணைக்கு இப்ப சொல்ல வேண்டாம். அப்பா கேட்டால், உந்தக் கூத்து நடக்காதெண்டு நான் அண்டைக்கே சொன்னனான் எண்டுதான் தொடங்குவார். நீர் பாதியையாவது பாடும். பாதி எண்டு ஆருக்குத் தெரியும்?"

"உம்மட அண்ணைக்குத் தெரியும்" என்றேன்.

மறுநாள் காலை பத்தரைக்குத் தாலி ஏறியது. பிறகு அறுகரிசி போடுவது. தீவில் எத்தனை சோடி தம்பதிகள் உண்டோ அத்தனை சோடியும் வரிசையில் வந்து மணமக்களின் தலையில் அறுகும் அரிசியும் இட்டு வாழ்த்தினார்கள். எல்லோரும் இரண்டு இரண்டு பேராக வந்தார்கள் என்பது என் கண்ணில் குத்தியது. வரிசை முடிந்து முதல் பந்திக்கு வாழையிலை விரிக்கிற இடைவெளியில், மைக்குக்காரர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பனையில் கட்டிய ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டது. நான் நீலச் சேலையில் தனியாகப் போய் நின்றேன். மற்ற நீலச் சேலை பெட்டிக்குள் கிடந்தது.

மணவறையில் யோகன் அண்ணை மாலையும் தலைப்பாகையுமாக இருந்தார். அன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். மெலிந்த, கூச்சமான மனிதர். காலையிலிருந்து குனிந்த தலை நிமிரவில்லை. நான் மைக் முன்னால் வந்ததும் நிமிர்ந்தார். அவருடைய அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு தூணோடு நின்றார். கிட்டத்தட்ட இருநூறு பேர் முன்னால், எனக்கு ஓடிப்போகக் கடல்தான் இருந்தது.

பாடத் தொடங்கினேன். முதல் மூன்று அடி பாதகமில்லை, அது இருவருக்கும் பொது. நாலாவது அடியில் என் குரல் தன் வழக்கப்படி கீழே இறங்கியது. சபையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெரியவர் காதுக்குள் விரல் விட்டு ஆட்டினார். மேலே கமலி இல்லாத அந்த இடம் எனக்குக் கூரை போன வீடு மாதிரி இருந்தது. இத்தோடு நிறுத்திவிடலாமா என்று நினைத்தபோதுதான் மணவறையைப் பார்த்தேன். யோகன் அண்ணையின் உதடு அசைந்துகொண்டிருந்தது. மணவறை கைக்கெட்டும் தூரம்தான், அவர் என்னோடு சேர்ந்து முணுமுணுப்பது கேட்டது.

என் குரலை முணுமுணுத்தார். கமலியினதை அல்ல. நான் இறங்கிய இடத்தில் இறங்கி, நின்ற இடத்தில் நின்று, ஆறாவது அடியில் நான் எடுக்கிற அந்தச் சின்ன நெளிவைக் கூடப் பிசகாமல் எடுத்தார். இரண்டாம் குரலை முணுமுணுக்கிற மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. எனக்குச் சொற்கள் மறக்கப் பார்த்தன. கண்ணை மூடிக்கொண்டு கடைசி அடிவரை பாடி முடித்தேன். கைதட்டல் மரியாதைக்கு விழுந்தது. பந்திக்கு அழைப்பு வந்ததும் சபை கலைந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளையும் பொம்பிளை தேவியும் நான் இருந்த இடத்துக்கு வந்தார்கள். அவர் கண் கலங்கியிருந்தது.

"தங்கச்சி, அச்சொட்டாப் பாடினீர். எனக்கு அந்தப் பாட்டெண்டால் இதுதான்."

"இல்லை அண்ணை, மன்னிக்க வேணும். இது பாதிதான். மேல்குரல் பாடுறவ நயினாதீவில நிக்கிறா."

"மேல்குரலோ?" என்றார். "எந்த மேல்குரல்? இரட்டையர் ரெண்டு பேருக்கும் ஒரே குரல்தானே?"

புஷ்பம் அவரைப் பார்த்தாள், நான் புஷ்பத்தைப் பார்த்தேன். "அண்ணை, உங்கட கசெற் போடுற செற்றில ஒரு பக்க ஸ்பீக்கர் பேசாதெல்லோ?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஓம். அது யப்பானால வெளிக்கிட்டு மூண்டாம் நாளே, இந்தக் கசெற்றைப் பிரிக்க முந்தியே கட்டிலால விழுந்தது. காத்தும் கடலும் எண்டு அண்டைக்குக் கப்பல் தலைகீழாத்தான் நிண்டது. அதுக்குப் பிறகு இடப்பக்கம் சத்தமில்லை. ஏன், மற்றப் பக்கம் போதும்தானே?"

அந்தக் காலத்து ஸ்ரீரியோப் பாட்டுகளில் ஒருத்தியை இடப்பக்கமும் மற்றவளை வலப்பக்கமும் பிரித்துப் பதிந்திருப்பார்கள். எங்கள் விடுதியில் நல்ல செற் இருந்ததால் நாங்கள் இரண்டையும் கேட்டோம். யோகன் அண்ணையின் கட்டிலோரத்தில் ஒரு வருடத்துக்கு மேலாக ஒருத்திதான் பாடியிருக்கிறாள். எவரும் கவனிக்காத அந்தக் கீழ்க்குரல்காரி.

"கலியாணப் பேச்சு சரிவந்த சேதி கப்பலுக்கு வந்த அண்டும் உந்தப் பாட்டைத்தான் போட்டுக் கேட்டனான்" என்றார் அவர், தேவியைப் பாராமல். தேவி, "அதுக்காக மணவறையில இருந்து முணுமுணுக்கிறதே? ஐயர் உங்களுக்கு மந்திரம் பாடம் எண்டு நினைச்சவர்" என்றாள். அவர் சிரித்தார். தூணடியில் நின்ற அப்பாவும் சிரித்தார், நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் நிறுத்தினார்.

பின்னேரம் நாலு மணிக்கு லோஞ்சியில் கமலி வந்து இறங்கினாள். வேறு யாருடையதோ பச்சைச் சேலை. நயினாதீவில் கோயில் ஐயர் குடும்பம் ஒன்று அவளை வீட்டில் வைத்து, சாப்பாடு போட்டு, மாற்றுச் சேலையும் கொடுத்திருக்கிறது. நன்றிக்கு அவள் அவர்களுக்கு மூன்றாவது பாட்டைப் பாடிக் காட்டினாளாம். ஐயர் கேட்டுவிட்டு, "மோகனம் மாதிரிக் கிடக்கு, நல்ல பாட்டு" என்றாராம். பாட்டில் ஒரு குரல் குறைகிறது என்று எவரும் சொல்லவில்லையாம். அதை அவள் பெருமையாகத்தான் சொன்னாள்.

பொழுது சாய முதல் கல்யாண வீட்டு முற்றத்தில் இருவரும் நீலச் சேலையில் நின்று பாடினோம். நாலாவது அடியில் கமலி மேலே போனாள். எனக்குக் கூரை திரும்பி வந்த சந்தோஷம். முழுப் பாட்டையும் கேட்டதும் சனம் உண்மையாகவே கைதட்டியது. யோகன் அண்ணை மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருந்தார்.

"எப்பிடி அண்ணை?" என்று கமலி ஆசையோடு கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி. குறை நினைக்க வேண்டாம். ஆனால் நீர் இடையில வந்து வந்து மறைக்கிறீர். அவ பாடுறது கேக்குதில்லை."

மூன்று வருட மேடை வாழ்க்கையில் கமலியிடம் எவரும் இப்படிச் சொன்னதில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரிக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்தேன். முடியவில்லை.

இனிப் பயணம் போகிறவர்களுக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு இன்றும் பஸ் உண்டு. லோஞ்சி நேரமும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும், துறையில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். சோளகம் வீசும் மாதங்களில் நெடுந்தீவுக் கடல் முரடு, மாற்றுடுப்பைப் பொலித்தீன் பையில் கட்டுங்கள். அங்கே ஒருநாளாவது தங்குங்கள். கல்வேலியும் குதிரையும் பெருத்த அடியுள்ள பெருக்கமரமும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடிவருகிற சாமான் இல்லை. இரண்டு பேராகப் போனால், தேவையானதெல்லாவற்றையும் ஒருவரிடமே கொடுக்காதீர்கள். பொங்கல் பானைக்காரருக்குக் கட்டாயம் உதவுங்கள், ஆனால் துறையில் நின்றுகொண்டு நீட்டுங்கள்.

நாங்கள் மறுநாள் அதிகாலை லோஞ்சியில் திரும்பினோம். கடல் அன்று தட்டாகக் கிடந்தது. கமலி இரவு முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. நெடுந்தீவுக் கரை கண்ணுக்கு மறைந்த பிறகு என் பக்கம் திரும்பி இருந்தாள்.

"உன்ரை பகுதியைத் தனியாப் பாடு, கேப்பம்."

"உனக்குத் தெரியாததே? மூண்டு வருஷமாப் பக்கத்தில நிண்டு பாடுறாய்."

"பக்கத்தில நிண்டனான்தான்" என்றாள் கமலி. "நான் பாடிக்கொண்டெல்லே நிண்டனான்."

நான் பாடினேன். அவள் குறிகட்டுவான் வரைக்கும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.